பச்சையாப் போவுது, பழுத்து வருது

ஒரே நாளில் நடந்த ஒரே விஷயத்தை நான் இரண்டு நோட்டுகளில் எழுதியிருக்கிறேன். ஒன்று, நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தின் லாக் புக். அதில் ஆங்கிலத்தில், கறுப்பு மையில் இருப்பது இது: இழையின் முனை அதிக வெப்பத்தால் கெட்டது, காரணம், முனையை வெட்டியவரின் கவனக்குறைவு. மற்றொன்று, பம்பாய் மாட்டுங்காவில் என் வீட்டு மேஜை டிராயரில் இருக்கும் சொந்த டைரி. அதில் தமிழில், நீல மையில், அன்று மாலை எழுதியது இது: பாய் சொன்னார், "பச்சையாப் போவுது, பழுத்து வருது."

இரண்டும் ஒன்றல்ல என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இப்போது முழுதாக எழுதுகிறேன்.

பாய் என்று நாங்கள் கூப்பிட்டவர் தாராவியில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறையில் சின்ன வயதிலிருந்தே உட்கார்ந்தவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வேலைக்கு ஆள் தேடியபோது காண்டிராக்டில் வந்து சேர்ந்தார். கண்ணாடியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எதையும் அவர் புத்தகத்தில் படித்ததில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாமே புத்தகத்தில் படித்ததுதான்.

காலையில் நான் மாட்டுங்காவிலும் அவர் சயனிலும் ரயில் ஏறுவோம். குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி ஹார்பர் லைன் வண்டிக்கு மாறும் இடத்தில் பெரும்பாலும் சந்தித்துவிடுவோம். செம்பூரில் இறங்கி கால் மணி நேர நடை. நடக்கும்போது அவர்தான் பேசுவார். நான் ஆய்வுக்கூடத்தில் ஒரு ரஃப் நோட்டில் பென்சிலால் குறித்துவிட்டு, சாயங்காலம் லாக் புக்கில் மையால் அழகாக எடுத்தெழுதுவேன். பதினொரு வருடங்களில் அதில் ஒரு அடித்தல் கிடையாது. இதில் எனக்கு இருந்த பெருமையை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். லாக் புக்குக்கு அவர் வைத்த பெயர் மாப்ள புக்கு.

"ரஃப் புக்கு வேலைக்காரன் சார். நாள்பூராவும் அழுக்குல நிப்பான். சாயங்காலம் மாப்ள வந்து சட்டை கலையாம போட்டோவுக்கு நிப்பாரு."

நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் தலைமை ஆய்வாளர் ஒரு மராட்டியப் பெண்மணி, மேடம் என்போம். அந்த வருடம் அவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு புது வகைக் கண்ணாடி இழை வந்தது. தலைமுடியைவிடச் சற்றுத் தடிமனான இழை; அதற்குள் ஒளி ஓடுவதற்கென்று இன்னும் மெல்லிய ஒரு மையம். அந்த மையத்தில் ஜெர்மானியம் வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இருநூறு மீட்டர், ஒரு உருளையில் சுற்றி வந்தது. அது ஒன்றுதான், தீர்ந்தால் மறுபடி கிடைக்காது.

வேலை எளிமையானது. லேசரிலிருந்து பச்சை ஒளி துடிப்புத் துடிப்பாக வரும். வினாடிக்குப் பத்துத் துடிப்பு. ஒவ்வொன்றும் வினாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். அதை ஒரு லென்ஸால் குவித்து இழையின் ஒரு முனைக்குள் செலுத்த வேண்டும். இருநூறு மீட்டர் ஓடி மறு முனையில் எவ்வளவு பச்சை மிஞ்சுகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். மீட்டருக்கு முன்னால், பச்சையைத் தவிர வேறு எதையும் விடாத ஒரு ஃபில்டர் இருந்தது. அறை வெளிச்சம் எதுவும் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்று மேடம் பொருத்தியது.

ஒளி உள்ளே நுழையும் முனை கண்ணாடிபோல் சமமாக இல்லையென்றால் எல்லாம் சிதறிவிடும். அதை வெட்டுவது பாயின் வேலை. வைரமுனையால் லேசாக ஒரு கீறல், பிறகு ஒரு வளைப்பு, ஒரு இழுப்பு. அப்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். நல்ல வெட்டு காதில் கேட்கும் என்பார். ஒரே ஒரு 'டிக்'. நான் எத்தனை தடவை காதைத் தீட்டியும் எனக்கு எல்லா வெட்டும் ஒன்றாகத்தான் கேட்டன.

மேடம் மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். போகுமுன் லேசரின் மின்னழுத்தக் குமிழில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, இதைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இன்னொன்றும் செய்தார். பாயை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். அந்த மாதமே கமிட்டி கூடுவதாக இருந்தது. அதற்கு வயது வரம்பு முப்பத்தைந்து. பாய்க்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. இந்தத் தடவை விட்டால் பிறகு கிடையாது. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார், குர்லா பாலத்தில், படி இறங்கிக்கொண்டே.

அன்று காலை அவர் முனையைப் புதிதாக வெட்டினார். வெட்டியதும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இதுவரை வெட்டியதில் இதுதான் நல்லது என்று அர்த்தம். மீட்டர் முப்பத்தெட்டுக்கு ஏறியது. அதற்கு முன் முப்பதைத் தாண்டியதே இல்லை. எனக்கு ஆசை வந்தது. மேடம் திரும்பி வரும்போது நாற்பதைத் தாண்டிய ஒரு எண் லாக் புக்கில் இருக்க வேண்டும் என்ற ஆசை. குமிழைச் சிவப்புக் கோட்டுக்கு மேல் ஒரு படி திருப்பினேன். அப்போது பாய் அறையின் அந்தக் கோடியில், இழையின் மறு முனைப் பக்கம் நின்றிருந்தார். நான் திருப்பியதை அவர் பார்க்கவில்லை.

மீட்டர் ஏறவில்லை, விழுந்தது. முப்பத்தெட்டிலிருந்து இருபத்தொன்றுக்கு.

முனையை எரித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி, லேசரை நிறுத்தினேன். மீட்டர் விழுந்ததற்கும் நான் லேசரை நிறுத்தியதற்கும் நடுவேதான் பாய் கூப்பிட்டார். ஃபில்டருக்கு ஓரமாகச் சிந்திய ஒளியில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்திருந்தார்.

"சார், பச்சையாப் போவுது, பழுத்து வருது. மீட்டரையே பாத்துக்கிட்டு இருக்கியளே, இங்க வந்து பாருங்க."

நான் போகவில்லை. அதற்குள் லேசரை நிறுத்திவிட்டிருந்தேன். அட்டை வெறும் வெள்ளையாக இருந்தது. மஞ்சளாவும் செவப்பாவும் வந்துச்சு சார் என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். மாங்காய் பழுப்பதுபோல் பச்சை பழுத்து வருகிறது என்கிறார் என்பது எனக்கு அந்தக் கணமே புரிந்தது. ஆனால் பழுப்பது என்பதற்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு. கொல்லன் உலையில் இரும்பு பழுக்கும். அந்த இரண்டாவது அர்த்தம் எனக்கு வசதியாக இருந்தது.

முனையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எதையும் சரிபார்க்காமல் எழுதாதவன் நான், அன்று பார்க்கவில்லை. சாயங்காலம் லாக் புக்கைத் திறந்தேன். மின்னழுத்தம் என்ற கட்டத்தில் சிவப்புக் கோட்டின் எண்ணை எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் மேலே சொன்ன வாக்கியத்தை எழுதினேன். வெளிநாட்டுப் பொருள் எது கெட்டாலும் அன்றே ஸ்டோருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் காபிக்கு முன்பே டைரியை எடுத்து, பாய் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

கமிட்டியில் மூன்று பேர். யாருக்கும் தமிழ் தெரியாது. ஸ்டோர் அதிகாரி என் சீட்டை மேஜையில் வைத்திருந்தார். பொறுப்பாளன் என்ற முறையில் என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பாயைக் கூப்பிட்டு, அந்த இழைக்கு என்ன ஆயிற்று என்று ஹிந்தியில் கேட்டார்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தமிழில் எனக்குச் சொன்னதை அப்படியே பம்பாய் ஹிந்தியில் திருப்பிச் சொன்னார். ஹரா அந்தர் கயா, பக் கயா; பச்சை உள்ளே போனது, பழுத்தது என்று.

ஹிந்தியிலும் அந்தச் சொல் அதே வேலையைச் செய்தது. பழம் பழுத்தாலும் பக் கயா, சோறு வெந்தாலும் பக் கயா. ஒருவர் சிரித்துவிட்டு, கண்ணாடியை வேக வைத்தாயா என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். தப்பு என்னவென்று பாய்க்கு விளங்கவில்லை. தான் கண்ட அதிசயத்தைச் சொன்னதற்கு ஏன் குற்றத்தை ஒப்புக்கொண்டவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள் என்று திகைத்து என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. நான் சொல்றது இவியளுக்கு வெளங்கல."

அந்த அறையில் இரண்டு அர்த்தமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். லாக் புக்கில் எழுதியிருப்பதுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாதக் கடைசியில் அவர் காண்டிராக்ட் முடிந்தது. நீட்டிக்கவில்லை. கடைசி நாள் தன் வைரமுனையை ஒரு தீப்பெட்டியில் வைத்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, எனக்கும் ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போனார். என்மேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. பிறகு குர்லாவில் நான் வழக்கமாக ஏறும் ரயில் பெட்டியை மாற்றிக்கொண்டேன். அவர் அந்த வண்டியில் வருவதே இல்லை என்று தெரிந்திருந்தும்.

மேடம் திரும்பி வந்ததும் முதலில் லாக் புக்கைப் படித்தார். பிறகு, நான் செய்யாமல் விட்டதைச் செய்தார். முனையை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். கருகல் எதுவும் இல்லை. இவ்வளவு சுத்தமான வெட்டை நான் பார்த்ததில்லை என்றார். முனை நன்றாக இருக்கிறது, பச்சை மட்டும் பாதியாகிவிட்டது. அப்படியானால் மீதி ஒளி எங்கே போயிற்று?

கேட்டுக்கொண்டே போய் ஃபில்டரைக் கழற்றினார். இழையிலிருந்து வரும் ஒளியை ஒரு கிரேட்டிங் வழியாக விட்டு, நிறம் நிறமாகப் பிரித்து, வெள்ளைத் தாளில் விழவைத்தார். லாக் புக்கில் இருந்த மின்னழுத்தத்தையே வைத்தார். தாளில் பச்சை மட்டும்தான். மறுபடி முயன்றார், பச்சைதான். அப்போது நான், ஒரு படி கூட்டிப் பார்க்கலாமா என்றேன். என் குரல் எனக்கே பணிவாகக் கேட்டது.

ஒரு படி கூட்டினார். பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள் கலந்த ஒரு பச்சைப் பட்டை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் மஞ்சள். பிறகு ஆரஞ்சு. கடைசியில், மங்கலாக, சிவப்பு.

மேடம் தாளின் ஓரத்தில் பென்சிலால் எண்களை எழுதிக்கொண்டே விளக்கினார். உள்ளே போவது ஐந்நூற்று முப்பத்திரண்டு நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி. வழியில் அது கண்ணாடியை அதிரவைத்து, தன் சக்தியில் சிறிது அந்த அதிர்வுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்ததும் அதன் அலைநீளம் கூடி ஐந்நூற்று நாற்பத்தைந்து ஆகிறது. துடிப்பு போதிய பலமாக இருந்தால் அந்தப் புது ஒளியும் அதேபோல் கொடுத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டு ஆகிறது. பிறகு ஐந்நூற்று எழுபத்திரண்டு. இப்படிப் படிப்படியாகச் சிவப்பை நோக்கி இறங்குகிறது. ஜெர்மானியம் கலந்த மையத்தில் இது சீக்கிரம் நடக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளி உள்ளே போனால்தான் நடக்கும். அவ்வளவு ஒளியை உள்ளே விடும் அளவுக்கு முனை நன்றாக இருக்க வேண்டும்.

ஒளி எங்கும் தொலைந்து போகவில்லை. நிறம் மாறி வந்துகொண்டிருந்தது. பச்சையை மட்டும் பார்க்கும்படி அமைத்த மீட்டர் அதை நஷ்டம் என்று காட்டியது. வெறும் கண்ணால் பார்த்தவர் பழுத்து வருகிறது என்றார். அதைவிடச் சரியாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேடம் முனையை வெட்டியவரைக் கூப்பிடச் சொன்னார். போய்விட்டார் என்றேன். காரணம் கேட்டார். சொன்னேன். லாக் புக்கைத் திறந்து என் வாக்கியத்தில் விரலை வைத்து, அதிக வெப்பம் என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேட்டார்.

"அவரேதான் அப்படிச் சொன்னார்" என்றேன்.

நான் செய்தவற்றில் இதுதான் கீழானது. முதலில் எழுதியபோது பயத்தையாவது காரணம் சொல்லலாம். இதற்கு அதுவும் இல்லை. மேடம் லேசரின் குமிழை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாயைத் திரும்ப எடுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினார். பாயின் வயது வரம்பைத் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது.

அந்த வேலை கட்டுரையாக வெளிவந்தபோது, கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருந்தது, கவனமான பதிவுகளுக்காக. என் மனைவி வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினாள். ஒரு வார்த்தைகூடப் புரியாவிட்டாலும், "இவா பேரு இந்தக் கடைசி வரில இருக்கு, பாருங்கோ" என்பாள். அவள் விரல் அந்த வரியில் படும்போதெல்லாம் நான் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இப்படியே இருந்திருப்பேன். ஒன்றரை வருடம் கழித்து கேன்டீனில் ஸ்டோர் குமாஸ்தா ஒரு தமாஷ் சொன்னார். ஏதோ ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் பாய் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். அங்கிருந்து போன் செய்து விசாரித்தார்கள். குமாஸ்தா லாக் புக்கைப் பார்த்து, வெளிநாட்டு இழையை வேக வைத்த ஆள் என்று சொல்லிவிட்டாராம். மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வேலை போனதோடு முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். என் வாக்கியம் அவருக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கதவையும் சாத்திக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. பாய் காலால் மிதித்தபடி ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் மெருகுப்பொடியின் சிவப்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். சாயா சொல்லட்டுமா என்றார். நிற வரிசையை எடுத்த போட்டோவின் பிரதியைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதான் சார். அன்னைக்கு நான் சொன்னேன்லா."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழைத் திருப்பியது, பயந்தது, அவர் சொன்னது புரிந்தே வேறு எழுதியது, கமிட்டியில் விளக்காமல் விட்டது, மேடத்திடம் சொன்ன பொய். நடந்த வரிசையில் சொன்னேன். அவர் மறுபடி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கியிருந்தார். நான் முடித்ததும் சக்கரத்தை நிறுத்தினார்.

"அப்ப வெளங்காம எழுதல."

"இல்ல பாய்."

"நான் இத்தன நாளும் என்ன நெனச்சேன் தெரியுமா சார்? மாட்டுங்காத் தமிழு வேற, நம்ம தமிழு வேற, பாவம் அந்த மனுசனுக்கு நாம சொன்னது புரியலன்னு. வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். எம் பேச்சுதான் கோளாறுன்னு, காலேஜுக்குக் கேக்கப் போனப்பகூட யோசிச்சு யோசிச்சுப் பேசுனேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை.

சாயா வந்தது. குடித்து முடித்ததும் கேட்டார்.

"மாப்ள புக்குல மாத்தி எழுதுவியளா?"

மறுநாள் நான் மேடத்திடம் போய், அதே வரிசையில், அதே விஷயங்களைச் சொன்னேன். குமிழ் விஷயம் எனக்கு அன்றே தெரியும் என்றார். மற்றது தெரியாது என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. பழைய லாக் புக்கைப் பதிவறையிலிருந்து வெளியே எடுக்க ஒரு படிவம் உண்டு; அதில் காரணம் என்று ஒரு கட்டம். கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடமும் கையெழுத்துப் போட்டார். நிர்வாகத்திலிருந்து எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் நோக்கில் அது போதாது. ஆனால் தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது என் வேலையில்லை.

கல்லூரிக்கும் கடிதம் எழுதினேன். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. பாய் இன்னும் அந்தச் சந்தில்தான் லென்ஸ் தேய்க்கிறார். யாராவது விசாரித்தால் சொல்ல, திருத்திய பக்கத்தின் நகல் ஒன்றை, மேடத்தின் கையெழுத்தோடு, அவரிடம் கொடுத்திருக்கிறேன். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

லாக் புக்கில் மின்னழுத்தத்தின் சரியான எண்ணை எழுதினேன். என் வாக்கியத்தை ஸ்கேல் வைத்து அடித்தேன். பதினொரு வருடத்து நோட்டுகளில் அதுதான் முதல் அடித்தல். மேலே, ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே, பாய் சொன்ன நாலு சொற்களையும் தமிழிலேயே எழுதி, கீழே அதன் பொருளை ஆங்கிலத்தில் கொடுத்தேன்.

திருத்தம் செய்வதற்கும் ஒரு விதி இருக்கிறது. அடிக்கும் கோடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். முன்பு எழுதியிருந்ததைப் படிக்க முடிய வேண்டும். விதிப்படி ஒரே கோடுதான் போட்டேன். நன்றாகவே படிக்க முடிகிறது.